பிறர் கண்ணிற் கண்ட வியட்நாம்

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வரம்புத் தகராறு ஒன்று நீதிமன்றத்திற்கு வருகின்றது. நிலஅளவையாளர் சங்கிலியும் படமுங்கொண்டு வந்து ஒன்று சொல்கின்றார். விதானையார் வேறொன்று சொல்கின்றார். அயலவர் தமக்கு வேண்டியவன் பக்கம் நின்று மற்றொன்று சொல்கின்றார். முப்பது ஆண்டுகள் அவ்வயலில் மண்வெட்டி பிடித்தவன் ஒரு மூலையில் நிற்கின்றான். அவனைக் கடைசியாகத்தான் கேட்கின்றார்கள். சில வேளைகளிற் கேட்பதேயில்லை. நியாயத்தலத்திற் பழகியவர்களும் வயலிற் பழகியவர்களும் ஒன்றுகூடியிருக்கும் இவ்வவையில் இவ்வுண்மையை நாம் விளக்கத் தேவையில்லை.

ஒரு வயலின் கதையே இதுவானால், ஒரு நாட்டின் கதை எவ்வாறிருக்கும்? வியட்நாம் என்னும் நாட்டைப்பற்றிப் பிறர் சொன்ன சாட்சியங்களை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். பாதிரிமார் சொன்னார்கள், வணிகர் சொன்னார்கள், பிரெஞ்சு அதிகாரிகளும் அமெரிக்க அமைச்சர்களும் சொன்னார்கள், இந்தியப் பண்டிதரும் நம் இலங்கையின் தலைவர்களுங்கூடச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றொருவர் சொன்னதோடு பொருந்தவில்லை. இப்பொருத்தமின்மை வெறும் புத்தகச் சண்டையன்று. பிழையான சாட்சியத்தை நம்பி வல்லரசொன்று எடுத்த முடிவினால் இலட்சக்கணக்கான உயிர்கள் மாண்டன. ஆதலின் இதனை ஆராய்வது நம் கடனாகும்.

பெயரே முதற் சாட்சி

ஒரு நாட்டைப் பிறர் எவ்வாறு நோக்கினர் என்பதை அவர்கள் இட்ட பெயரே காட்டிவிடும். சீனத்துத் தாங் பேரரசு 679-ஆம் ஆண்டில் அந்நாட்டிற்கு 'அன்னாம்' என்று பெயரிட்டது. 'அமைதியாக்கப்பட்ட தெற்கு' என்பது அதன் பொருள். அடக்கியவன் அடங்கியவனுக்கு இட்ட பெயர் அது. போர்த்துக்கேயரின் வாயிலிருந்து 'கொச்சின்சீனா' என்ற பெயர் பிறந்தது. பின்னர் ஐரோப்பியர் 'இந்தோசீனா' என்றனர். அப்பெயரிலே இந்தியா இருக்கின்றது, சீனா இருக்கின்றது, இடையே வாழும் மக்களுக்கு ஓர் எழுத்துமில்லை. இரு பெரு நாகரிகங்களுக்கும் இடைப்பட்ட வெற்றிடமாகவே அந்நாடு அவர்களுக்குத் தோன்றிற்று.

'வியட்நாம்' என்ற பெயர் 1804-இல், நாட்டை ஒன்றுபடுத்திய கியா லாங் மன்னன் காலத்திலேதான் அரசின் பெயராக நிலைபெற்றது. அதன் பின்னரும் பிரெஞ்சு ஆட்சியாளர் நாட்டைத் தொங்கின், அன்னாம், கொச்சின்சீனா என மூன்றாகக் கூறுபோட்டனர். தம் நாட்டுப் பெயரைத் தாமே சொல்லுவதுகூட ஓர் அரசியற் செயலாக இருந்த காலம் அது.

துறைமுகத்தில் நின்று பார்த்தோர்

பதினேழாம் நூற்றாண்டில் அந்நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. வடக்கே திரின் பிரபுக்கள். தெற்கே நுயென் பிரபுக்கள். லே மன்னர் பெயருக்கு மட்டுமே அரியணையில் இருந்தார். 1627 முதல் 1672 வரை இரு பகுதியினரும் போரிட்டனர்.

இத்தாலியப் பாதிரியாராகிய கிறிஸ்தோபோரோ போரி 1618 முதல் 1622 வரை தெற்கில் வாழ்ந்தார், அம்மொழியையும் கற்றார். 1631-இல் வெளிவந்த அவர் நூல், அந்நாட்டவரை விருந்தோம்புபவர், அந்நியரை அன்போடு வரவேற்பவர் என்று போற்றுகின்றது. அது பொய்யன்று. ஆனால், தெற்கிலிருந்த பிரபுக்களுக்கு அக்காலத்தில் வெளிநாட்டு வணிகமும் பீரங்கிகளும் அவசரத் தேவையாக இருந்தன என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். கதவு திறந்திருந்த காலத்தில் வந்தவர் அந்த வீட்டைத் திறந்த வீடென்றே எழுதுவார்.

வடக்கைப்பற்றித் தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் ஒரு நூல் வெளியிட்டார். அவரோ அங்கு சென்றவரல்லர். தம் சகோதரர் சொன்னதைக்கொண்டு எழுதினார். இதனைக் கண்டு மனம் பொறாத ஒருவர் மறுப்பெழுதினார். அவர்தாம் சாமுவேல் பாரன். தந்தை ஒல்லாந்தர், தாய் வியட்நாமியப் பெண், பிறந்தது அந்நாட்டிலே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடையவராயிருந்த அவர், 1685-ஆம் ஆண்டளவில் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையிலிருந்து தம் வருணனையை எழுதி முடித்தார். அரசன் ஒருவன், ஆட்சி வேறொருவனிடம் என்னும் இரட்டை ஆட்சிமுறையை அவர் தெளிவாக விளக்கினார். அரண்மனையின் ஊழலையும் அவர் மறைக்கவில்லை. தாய்மொழியால் உள்ளே நின்றவர். தொழிலால் வெளியே நின்றவர். அக்காலச் சாட்சிகளுள் இவருடையதே பெறுமதி மிக்கது.

1688-இல் வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் மக்களின் கைத்திறனைப் புகழ்ந்தார். அவர்தம் சூதாட்ட விருப்பத்தை இகழ்ந்தார். 1819-இல் சைகொனுக்கு வந்த அமெரிக்கக் கப்பற் தலைவன் ஜோன் வைற், கையூட்டுக் கேட்ட அதிகாரிகளோடு மாதக்கணக்கில் மல்லாடிச் சினந்து திரும்பினான். அவன் நூல் முழுவதும் அச்சினமே நிறைந்திருக்கின்றது. 1822-இல் ஜோன் குரோபேட் கல்கத்தாவிலிருந்து தூதராகச் சென்றார். மன்னன் மின் மாங் அவருக்குக் காட்சி கொடுக்க மறுத்தான். மன்னன் அனுப்பிய தூதனையே மன்னன் காண்பான். ஒரு தேசாதிபதி அனுப்பியவனை அமைச்சர் கண்டாற் போதும் என்பது அவ்வரசவையின் முறை. குரோபேட்டுக்கு அது ஆணவமாகத் தெரிந்தது. அவ்வரசவைக்கோ அது ஒழுங்கு.

இவர்களெல்லாரும் துறைமுகத்தில் நின்று நாட்டைப் பார்த்தவர்கள். துறைமுகத்திற் சந்திப்பது சுங்க அதிகாரியை, தரகனை, மதுக்கடைக்காரனை. உள்ளூர்க் கமக்காரனை அவர்கள் கண்டிலர்.

எழுத்தின் கதை

மொழி விடயத்தில் நடந்தது நாம் உற்றுநோக்கத்தக்கது. 1651-இல் அலெக்சாந்தர் டி ரோட்ஸ் என்னும் பாதிரியார் வியட்நாமிய, போர்த்துக்கேய, இலத்தீன் அகராதியொன்றை உரோமாபுரியில் அச்சிட்டார். உரோம எழுத்தில் வியட்நாமிய மொழியை எழுதும் முறை அதனால் உருப்பெற்றது. மதம் பரப்பவே அது பயன்பட்டது. பிற்காலத்துப் பிரெஞ்சு அதிகாரிகள், மக்களைச் சீன எழுத்தினின்றும் பழைய கல்வியினின்றும் பிரிப்பதற்கு அது நல்ல கருவியென்று கருதினர். 1075-இல் தொடங்கிய அரசாங்கப் பரீட்சை மரபு 1919-இல் முடிவுற்றது.

ஆனால் நடந்ததென்ன? அவ்வெழுத்தையே நாட்டுப்பற்றாளர் தமது படைக்கலமாக்கினர். பத்திரிகைகள் தோன்றின, கிராமந்தோறும் படிக்கத் தெரிந்தவர் பெருகினர். 1942-இல் ஹோவாங் சுவான் ஹான் என்னும் கணித அறிஞர் அறிவியற் கலைச்சொற்களை வியட்நாமிய மொழியில் தொகுத்து வெளியிட்டார். 1945 செப்டெம்பரில் விடுதலை அறிவித்த ஆறாம் நாளே, எழுத்தறிவு இயக்கத்திற்கான ஆணை பிறந்தது. உயர்கல்வியும் தாய்மொழிக்கு மாறத் தொடங்கிற்று. அம்மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்று சொல்லிவந்த வெளியார் வாயடைத்துப் போயினர்.

நம்மவர் கண்

வெள்ளையரை மட்டும் குற்றங்கூறினால் நாம் நேர்மையாளராகோம். இந்தியாவிலிருந்து பார்த்தோரும் தமக்கு வேண்டியதையே கண்டனர்.

மத்திய வியட்நாமில் சம்பா என்றோர் அரசு இருந்தது. மீ சோன் என்னும் பள்ளத்தாக்கில் நான்காம் நூற்றாண்டில் பத்திரவர்மன் என்னும் மன்னன் பத்திரேசுவரர் என்ற பெயரிற் சிவனுக்குக் கோயில் எழுப்பினான். சமஸ்கிருதக் கல்வெட்டுகள் அங்கே நிறைந்துள்ளன. 1927-இல் வரலாற்றறிஞர் ஆர். சி. மஜும்தார் எழுதிய நூல், சம்பாவைத் தூரகிழக்கிலிருந்த பண்டைய இந்தியக் குடியேற்றமென்றே வருணித்தது. அடிமைப்பட்டிருந்த நாடு தன் முன்னோரின் பெருமையைத் தேடிய காலம் அது. அவ்வேட்கையை நாம் உணர்கின்றோம். ஆயினும் சாம் மக்களின் மொழி மலாய் மொழியோடு உறவுடையது. அதே நான்காம் நூற்றாண்டளவில் அம்மொழியிலும் கல்வெட்டு எழுதப்பட்டிருக்கின்றது. படையெடுத்து வந்தோரன்றி, உள்ளூர் மன்னரே சிவநெறியையும் சமஸ்கிருதத்தையும் விரும்பி ஏற்றனர் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. 1969-இல் அமெரிக்கக் குண்டுகள் அங்கிருந்த மிகப் பெரிய கோபுரத்தைத் தகர்த்தன. 2020-இல் இந்தியத் தொல்லியலார் திருத்தப்பணி செய்கையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கமொன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. இதைக் கேட்டு நம் உள்ளம் பூரிப்பது இயல்பே. ஆனால் அதனைத் தொழுதவர் சாம் மக்கள் என்பதை மறந்து பூரித்தலாகாது.

தமிழருடைய நேரடித் தொடர்பு வேறொன்று உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து எழுதுவினைஞராகவும் அதிகாரிகளாகவும் பலர் சைகொனுக்குச் சென்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டித்தொழில் நடத்தினர். அவர்கள் அங்கு எழுப்பிய மாரியம்மன் கோவிலில் இன்றும் வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தி கொளுத்தி வழிபடுகின்றனர். ஆனால் மீகொங் கழிமுகத்து நெற்செய்கைக்காரனின் கண்ணில் அந்தச் செட்டியார் யார்? 1930-ஆம் ஆண்டளவில் நெல்விலை விழுந்தபோது, அடகு வைத்த காணியைக் கேட்டு நின்றவர். செட்டியாரின் பார்வையில் அவர் விதைக்கவும் அறுக்கவும் கடன் கொடுத்து உதவியவர். இரு பார்வையும் ஒரே கடன்சீட்டின் இரு பக்கங்கள். கடன்பட்ட அநுபவமுடைய கமக்காரச் சகோதரர் எந்தப் பக்கத்தை முதலில் வாசிப்பார் என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

கணக்கேடும் பசித்த வயிறும்

பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியைப்பற்றிப் பெருமையோடு கணக்குக் காட்டினர். கழிமுகத்தில் வாய்க்கால் வெட்டினர். 1880-இல் ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்ரயராக இருந்த நெல்நிலம் 1937-இல் 22 இலட்சம் ஹெக்ரயராயிற்று. அரிசி ஏற்றுமதி ஐந்து மடங்காயிற்று. கணக்கு உண்மை. ஆனால் அந்நிலம் யாருக்குப் போயிற்று? பெரும் பண்ணையாருக்கும் பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கும். உழுதவன் குத்தகைக்காரனாக நின்றான். உப்பும் மதுவும் அபினும் அரசாங்கத்தின் தனியுரிமையாயின. ஏழைக் குடியானவன் உப்புக்கும் வரி செலுத்தினான்.

1944, 1945-ஆம் ஆண்டுகளில் வடக்கிலே பஞ்சம் வந்தது. யப்பானியப் படையும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்லைக் கட்டாயமாகக் கொள்வனவு செய்தன; நெல் விளைந்த நிலத்திற் சணல் விளைவிக்கச் செய்தன; புயலும் வெள்ளமும் சேர்ந்தன; குண்டுவீச்சினாற் பாதைகள் துண்டிக்கப்பட்டன. தெற்கே அரிசி கிடந்தது. வடக்கே மக்கள் தெருவில் மாண்டனர். இறந்தோர் 20 இலட்சம் என்று ஹனோய் கூறிற்று. வேறு ஆராய்ச்சியாளர் 10 இலட்சமென்றும் அதனிற் குறைவென்றும் கூறினர். எண்ணிக்கையிலே கருத்து வேற்றுமை உண்டு. பிணங்கள் கிடந்தன என்பதில் வேற்றுமையில்லை.

பிரெஞ்சுக்காரருள்ளும் கண்ணுடையோர் இருந்தனர். பியர் குரூ என்னும் புவியியலாளர் செவ்வாற்றுக் கழிமுகத்துக் கமக்காரரை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 1936-இல் நூல் வெளியிட்டார். ஒரு சதுரக் கிலோமீற்றரில் 430 பேர் வாழ்வதையும், அணைக்கட்டுகளாற் காக்கப்பட்ட சிறு துண்டு நிலங்களில் அவர்கள் உழைப்பதையும் எழுதினார். ஹனோயில் வளர்ந்த போல் முஸ் என்னும் அறிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 1947-இல் பிரெஞ்சு அரசு, சரணடைவதற்கொப்பான நிபந்தனைகளோடு அவரை ஹோ சி மின்னிடம் தூதனுப்பிற்று. ஹோ சி மின் மறுத்தார். திரும்பிய முஸ், இப்போர் வெறுங் கலகமன்று, கிராமங்களின் ஆதரவு எவர் பக்கமோ அவரே ஆள்வார் என்று தம் நாட்டவருக்கு எடுத்துரைத்தார். பிரெஞ்சுப் படையினரின் சித்திரவதைகளையும் கண்டித்தெழுதினார். குடியேற்ற நாட்டுக் கல்லூரியின் தலைமைப் பதவி 1950-இல் அவர் கையை விட்டகன்றது. உண்மை சொன்ன சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். நான்காண்டுகளின் பின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது.

வாஷிங்டன் வரைந்த படம்

1945 செப்டெம்பர் 2-இல் ஹனோயில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். அதன் தொடக்கத்தில் 1776-ஆம் ஆண்டு அமெரிக்கப் பிரகடனத்தையே எடுத்தாண்டார். அமெரிக்கத் தலைவர் ட்ரூமனுக்குக் கடிதங்களும் எழுதினார், மறுமொழி வரவில்லை. அப்பொழுது ஹனோயிலிருந்த அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஆர்க்கிமிடிஸ் பாட்டி, இம்மக்களின் நாட்டுணர்ச்சியைக் கண்டு அறிக்கைகள் அனுப்பினார். அவை கோப்புகளிலே துயின்றன.

வாஷிங்டனில் இருந்தோர் வரைந்த படம் எளிமையானது. ஹனோய் பீக்கிங்கின் கை. பீக்கிங் மொஸ்கோவின் கை. ஒரு நாடு விழுந்தால் அடுத்த நாடும் விழும். சீனரின் ஆட்சியின்கீழ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இருந்து, கி.பி. 938-இல் பாக் டாங் ஆற்றிற் சீனக் கப்பற்படையை முறியடித்து மீண்ட மக்கள் அவர்கள் என்பது அப்படத்தில் இல்லை. 1288-இல் அதே ஆற்றில் மொங்கோலியரை வீழ்த்தியதும், 1407 முதல் இருபதாண்டு மிங் ஆட்சியை எதிர்த்து லே லோய் வென்றதும் அதில் இல்லை.

ரொபேட் மக்னமாரா ஏழாண்டுகள் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 1995-இல் அவர் எழுதிய நூலில், தாமும் தம் தோழரும் பெரும் பிழை செய்ததாக ஒப்புக்கொண்டார். அம்மக்களின் வரலாறு, பண்பாடு, அரசியல் ஆகியவற்றைப்பற்றித் தாம் அறியாதிருந்ததே தோல்விக்குரிய காரணங்களுள் ஒன்றென எழுதினார். பின்னர் ஹனோயின் முன்னாள் வெளிநாட்டமைச்சர் நுயென் கோ தாக் தம்மிடம், நீர் வரலாற்று நூலெதையும் வாசித்ததேயில்லையா, நாங்கள் சீனரோடு ஆயிரம் ஆண்டு போராடியவர்களல்லவா என்ற கருத்திற் கேட்டதையும் அவரே வெளியிட்டார்.

ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் அதற்குள் 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டிருந்தனர். வியட்நாம் அரசாங்கம் 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேரும், அதன் பக்கத்துப் போராளிகள் 11 இலட்சம் பேரும் இறந்தனர். தென் வியட்நாமியப் படையில் இறந்த இலட்சக்கணக்கானோர் இக்கணக்கிற் சேரார். ஒரு வரலாற்று நூலை வாசிக்காததற்கு இத்தனை உயிர்கள் விலையா?

போற்றியோரின் பிழை

தூற்றியோர் மட்டுமே பிழை செய்தனரா? இல்லை. 1968-இல் மேரி மக்கார்த்தி, சூசன் சொண்டாக் போன்ற அமெரிக்க எழுத்தாளர் ஹனோய் சென்று, தம் அரசாங்கத்தின் கொடுமையைத் துணிவோடு கண்டித்தனர். அது பாராட்டுக்குரியது. ஆனால் சில நாட்கள், அரசாங்க வழிகாட்டியோடு, மொழி அறியாது சுற்றி வந்தோர் முழு உண்மையைக் கண்டிருக்க முடியாது.

1953 முதல் 1956 வரை வடக்கில் நடந்த நிலச்சீர்திருத்தத்தில் குற்றமற்ற பலரும் நிலப்பிரபுக்களென முத்திரை குத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1956-இல் ஹோ சி மின்னே பிழைகளை ஒப்புக்கொண்டார். கட்சியின் பொதுச் செயலாளர் துரோங் சின் பதவி விலகினார். அதே காலத்தில் எழுத்துரிமை கேட்ட கவிஞரும் எழுத்தாளரும் அடக்கப்பட்டனர். 1975-இல் போர் முடிந்தபின், தோற்ற பக்கத்தோர் விசாரணையின்றிப் 'புனர்கல்வி' முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் தோணிகளில் ஏறிக் கடல் கடந்து அயல்நாடுகளிற் கரைசேர்ந்தனர். வழியில் மூழ்கியோரின் தொகையை எவரும் சரியாகக் கணக்கிட்டிலர். விடுதலைக்காகப் போராடிய அரசு என்பதனால் இவை இல்லாமற் போய்விடா.

இன்னுமொன்று. பெரிய அயலவனின் கொடுமைக்கு ஆளான நாடு, தன்னிலுஞ் சிறியவனுக்குப் பெரிய அயலவனாகவும் இருந்தது. 1471-இல் சம்பாவின் தலைநகர் விஜயா வியட்நாமியரிடம் வீழ்ந்தது. 1832-இல் எஞ்சிய சாம் நிலமும் விழுங்கப்பட்டது. ஹனோயின் வரலாற்று நூல்களில் 'தெற்கு நோக்கிய நடை' என்று பெயர்பெறுவது, சாம் மக்களின் நினைவில் நாடிழந்த துயரம். 1979 சனவரியில் வியட்நாமியப் படை பொல் பொட்டின் கொலையாட்சியைக் கம்போடியாவில் வீழ்த்திற்று. அங்கே பலருக்கு அது உயிர் மீட்பு. அப்படை 1989 வரை அங்கேயே தங்கியதால், அதே மக்களிற் பலருக்கு அது ஆக்கிரமிப்பு.

இலங்கை கண்ட வியட்நாம்

நம் நாட்டிற்கும் இவ்வழக்கிற் பங்குண்டு. 1954 ஏப்பிரல் 28-இல் கொழும்பிலே ஐந்து ஆசியப் பிரதமர்கள் கூடினர். சேர் ஜோன் கொத்தலாவல விருந்தளித்தார், நேருவும் வந்தார். இந்தோசீனப் போரை நிறுத்த வேண்டும், பிரான்ஸ் அந்நாடுகளின் முழு விடுதலையை அறிவிக்க வேண்டும் என்று மாநாடு கேட்டது. ஆயினும் அந்த ஒரே மேசையில் இருந்தவர்களிலே சிலர் வியட்நாமிற் பொதுவுடைமை அபாயத்தைக் கண்டனர். சிலர் குடியேற்ற ஆதிக்கத்தின் இறுதி மூச்சைக் கண்டனர். அவ்வாண்டு யூலையில் ஜெனீவாவிற் செய்த உடன்படிக்கை 17-ஆம் பாகையில் நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்தது. 1956-இல் நடக்கவேண்டிய பொதுத் தேர்தல் நடைபெறவேயில்லை.

1963-இல் தென் வியட்நாமில் நோ டின் டியெம் ஆட்சி பௌத்தர்மீது அடக்குமுறையை ஏவிற்று. ஹூவே நகரில் பௌத்தக் கொடியேற்றத் தடை. மே 8-இல் துப்பாக்கிச் சூடு. யூன் 11-இல் சைகொன் வீதியில் திக் குவாங் டக் என்னும் துறவி தம் உடலுக்குத் தீமூட்டினார். இலங்கை இவ்விடயத்தை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பிற்று. ஒக்டோபரில் ஓர் உண்மையறியும் குழு சைகொன் சென்றது. இலங்கையும் அதில் அங்கம் வகித்தது. அரசாங்கத்தாரையும் துறவிகளையும் மாணவரையும் அக்குழு நேரிற் கண்டு சாட்சியம் பதிவுசெய்தது. பணி நடந்துகொண்டிருக்கையிலேயே நவம்பர் முதலாந் தேதி புரட்சி வெடித்தது. மறுநாள் டியெம் கொல்லப்பட்டார். தீர்ப்பை முற்கூட்டி எழுதிக்கொண்டு போகாமல், இரு பக்கத்தாரையும் கேட்கச் சென்ற குழு அது. வெளியார் ஒரு நாட்டை அறியவேண்டிய முறைக்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

இன்றைய வியட்நாம்

இன்றும் இவ்வேற்றுமை ஓயவில்லை. 1986 டிசெம்பரில் கட்சி பொருளாதாரக் கொள்கையை மாற்றிற்று. 1988-இல் குடும்பங்களிடம் நிலப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாடு 1989-இல் ஏறத்தாழ 14 இலட்சம் தொன் அரிசி ஏற்றுமதி செய்தது. 2023-இல் அது 80 இலட்சம் தொன்னைக் கடந்தது. உலக வங்கியின் கணக்கில், 1993-இல் நூற்றுக்கு 58 பேராயிருந்த வறியோர் 2008-இல் 15 பேருக்குங் குறைந்தனர்.

இதனைப் பார்த்த மேல்நாட்டுப் பொருளியலார் தம் ஆலோசனையின் வெற்றி என்றனர். கட்சி தன் தீர்க்கதரிசனம் என்றது. ஆனால் 1966-ஆம் ஆண்டிலேயே வின் பூக் மாகாணத்தில் கட்சிச் செயலாளர் கிம் நோக் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார், அதற்காகக் கண்டிக்கப்பட்டார். பின்னரும் கிராமங்கள் இரகசியமாக அவ்வாறே செய்துவந்தன. வரம்பில் நின்றவன் கண்டதை மேசையில் இருந்தோர் ஒப்புக்கொள்ள இருபதாண்டு சென்றது.

மறுபக்கமும் உண்டு. அங்கு ஒரே கட்சியின் ஆட்சி. வேறு கட்சிக்கு இடமில்லை. 2024-இல் எல்லையற்ற நிருபர் அமைப்பு வெளியிட்ட பத்திரிகைச் சுதந்திர வரிசையில் 180 நாடுகளுள் அதற்கு 174-ஆம் இடம். நிலம் மக்கள் எல்லோருக்குமுரியதென்று சட்டம் கூறுகின்றது. கமக்காரனுக்கு உள்ளது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. 2020 சனவரியில் ஹனோய்க்கு அருகே டோங் தாம் என்னும் கிராமத்தில் காணித் தகராறொன்றில் பொலிசார் மூவரும் கிராமத்து முதியவர் ஒருவரும் மாண்டனர். மத்திய மலைநாட்டில் வாழும் சிறுபான்மை இனத்தார் 2001-இலும் 2004-இலும் காணிக்காகவும் வழிபாட்டுக்காகவும் கிளர்ந்தெழுந்தனர். முதலிடுவோன் இதனை 'உறுதியான ஆட்சி' என்கின்றான். சிறையிலிருக்கும் எழுத்தாளன் வேறு பெயர் சொல்வான். இரண்டும் அந்நாட்டின் உண்மைகளே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவனே பொய்யன்.

நாம் செய்ய வேண்டியது

அறிஞர்களே கருத்தை மாற்றிக்கொள்கின்றனர். அமெரிக்கப் படையில் அங்கு பணியாற்றிய கீத் டெய்லர் என்பவர் பின்னர் வரலாற்றாசிரியரானார். சீனருக்கு முற்பட்ட தனித்தன்மை ஆயிரமாண்டு அழியாதிருந்தது என்று 1983-இல் நூல் எழுதினார். 2013-இல் எழுதிய நூலில் அக்கொள்கையைத் தாமே கைவிட்டார். இதனை நாம் இழிவாகக் கொள்ளோம். சாட்சியம் மாறினால் தீர்ப்பை மாற்றுவது அறிவுடைமை.

அன்பர்களே, எந்த நாட்டைப்பற்றியும் எவர் எழுதினாலும் நாம் சில கேள்விகளைக் கேட்போம். எழுதியவர் எங்கே நின்றார், துறைமுகத்திலா, அரண்மனையிலா, வயல் வரம்பிலா? அம்மொழி அவருக்குத் தெரியுமா? எத்தனை நாள் இருந்தார்? அவரை அழைத்துச் சென்றவர் யார், அவருக்குச் சோறிட்டவர் யார்? அவர் காணாத பக்கத்திலே யார் இருந்தனர்? இக்கேள்விகளைப் பகைவன் எழுதியதற்கு மட்டுமன்றி, நமக்குப் பிரியமானவன் எழுதியதற்கும் கேட்போம். அதுவே கடினமானது.

இங்கே கூடியிருக்கும் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாசிகசாலைக்கு ஒரு நாட்டைப்பற்றி ஒரு நூல் வாங்கினால், அதனை மறுத்தெழுதிய இன்னொரு நூலையும் வாங்கி அருகில் வையுங்கள். கமக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலக அரசியல் படித்தவர்க்கே உரியதென்று ஒதுங்கி நிற்காதீர்கள். வியட்நாமின் உண்மையை ஏழாண்டு அமைச்சராயிருந்தவர் அறிந்திலர். நெல் நட்டவன் அறிந்திருந்தான். அவனைக் கேட்டவரில்லை.

தன்னைப்பற்றித் தானே எழுதாத மக்களைப்பற்றிப் பிறர் எழுதுவர். பிறர் எழுதியதே பின்னர் தீர்ப்பாகும். வரம்புத் தகராற்றில் மூலையில் நிற்கும் அம்மனிதனை முதலிற் கூப்பிட்டுக் கேட்போம்.